பழம் காத்திருக்காதாம்



ஷாம்பெயின் பிரதேசத்தில் கொளுத்துற வெயிலில் ஏன் ஆட்களைத் தோட்டத்துக்குள் இறக்குகிறீர்கள் என்று கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் வரும்: பழம் காத்திருக்காது. கேட்கிறதுக்கு நியாயம் மாதிரித்தான் இருக்கு. இயற்கையோடு யார் வாதாடுறது? ஆனால் அந்தப் பழம் எப்படிப் பழுக்குது, பழுத்துவிட்டது என்று யார் முடிவெடுக்கினம் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

முதலில் கொடியில் நடக்கிறதைப் பார்ப்பம். யூன் மாதம் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் திராட்சை, யூலை கடைசி வரைக்கும் பச்சையாக, கல்லு மாதிரி, வாயில் வைக்க முடியாத புளிப்போடு இருக்கும். பிறகு சில நாட்களுக்குள் ஒரு திருப்பம் வரும். காய் மெதுமையாகும். கறுப்பு வகைகளில் தோல் சிவந்து கறுக்கும்; வெள்ளை வகைகளில் வெளிச்சம் ஊடுருவத் தொடங்கும். பிரெஞ்சில் இதை வெரேசோன் என்பார்கள். அன்றிலிருந்து இலை செய்கிற சர்க்கரை பழத்துக்குள் இறங்க, புளிப்பு குறைந்துகொண்டு போகும். திராட்சையில் இரண்டு அமிலங்கள் முக்கியம்: டார்டாரிக், மாலிக். மாலிக் அமிலத்தைப் பழம் தன்னுடைய மூச்சுக்கே எரித்துவிடும். சூடு கூடக்கூட வேகமாக எரிக்கும். டார்டாரிக் அவ்வளவு லேசில் அசையாது. விதை பச்சையிலிருந்து பழுப்பாகும், தோலில் நிறமும் மணமும் ஏறும்.

இதெல்லாம் ஒரே வேகத்தில் நடக்கிறதில்லை. வெக்கை கூடின வருசத்தில் சர்க்கரை முந்தி ஓடும், தோலும் மணமும் பின்னால் இழுபட்டு வரும். ஆகவே எந்த நாளில் வெட்டுவது என்பது, என்ன வைன் வேணும் என்பதைப் பொறுத்தது. நல்ல சிவப்பு வைனுக்கு நாள்கணக்கில் கூட விட்டுவைப்பார்கள். ஷாம்பெயினுக்குப் புளிப்பு தேவை. அதனால் 10, 11 சதவீத ஆல்கஹால் தரக்கூடிய அளவு சர்க்கரை வந்தவுடனேயே கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்காரரைக் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்லுவார்கள். குளிர்காலம் இல்லாத அந்த மண்ணில் கவாத்து வெட்டுற நாள்தான் அறுவடை நாளையே தீர்மானிக்குது. அதனால்தான் பன்னீர் திராட்சை அங்கே வருசம் முழுக்கக் கிடைக்குது.

ஷாம்பெயினில் இந்த முடிவு எவ்வளவு நுணுக்கமாக எடுக்கப்படுது என்று பாருங்கோ. வெரேசோனுக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தடவை, பல நூறு தோட்டத்துண்டுகளில் பழம் பறித்துச் சர்க்கரை, புளிப்பு, அழுகல் எல்லாம் அளக்கிறார்கள். ஊருக்கு ஊர், பினோ நுவார், மெனியே, ஷார்தொனே என்று வகைக்கு வகை, தனித்தனியாக அறுவடை தொடங்கும் நாள் அறிவிக்கப்படுது. எவ்வளவு பறிக்கலாம் என்பதையும், பெரிய வைன் நிறுவனங்களும் தோட்டக்காரரும் சேர்ந்து நடத்தும் கொமித்தே ஷாம்பெயின் முன்கூட்டியே தீர்மானிக்குது. 2023 இல் ஹெக்டேருக்கு 11,400 கிலோ. 2024 இல் 10,000. 2025 இல் 9,000. விற்பனை விழுந்தது, அளவும் விழுந்தது. சந்தைக்காகப் பழம் கொடியிலேயே கிடக்கலாமாம். மனுசருக்காக ஒரு பின்னேரம் காத்திருக்கத்தான் ஏலாது.

தோட்டக்காரர் ஒருவர் இதை வாசித்தால் கோபிப்பார்: ஒரு மழை பெய்து அழுகல் பிடித்தால் வருச வருமானமே போயிடும் என்பார். அது உண்மை, சின்னத் தோட்டக்காரருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் கேட்கிறது மணித்தியாலக் கணக்கு. மதியம் 1 மணியிலிருந்து 6 மணிக்குள் சர்க்கரை பெரிசா மாறிவிடாது. சூடேறின பழம் வைனுக்கும் கூடாது. தெற்குப் பக்கம் மெசின் வைத்து இரவில் வெட்டுறதே அதுக்காகத்தான். பழத்துக்கு வெயில் ஆகாது என்ற அறிவு அவர்களிடம் நிறைய இருக்கு.

ஷாம்பெயினில் மெசினுக்கு இடமில்லை. முழுக் குலையாகக் கையால்தான் வெட்ட வேணும், அதுக்கு ஒவ்வொரு வருசமும் 1 லட்சம் பேருக்கு மேல் வருகினம். 30 வருசத்தில் அறுவடை கிட்டத்தட்ட 20 நாள் முன்னுக்கு வந்திருக்கு. 2020, 2022, 2025 இல் ஓகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. பழம் வேளைக்குப் பழுத்தால் வேலையும் வெக்கையான கிழமைகளுக்குள் நகரும். 2023 செப்டெம்பர் தொடக்கத்தில் 30 பாகையைத் தாண்டின வெயிலில் அறுவடை நடந்தது. அந்தப் பருவத்தில் குறைந்தது 4 தொழிலாளர்கள் இறந்தார்கள். வெக்கைதான் காரணமோ என்ற சந்தேகம் எழுந்தது.

அரசு என்ன செய்தது? 2024 யூலையில் வந்த ஆணை, கையால் அறுவடை செய்யும் தோட்டங்களில் கிழமை ஓய்வு நாளை 30 நாளில் ஒரு தடவை நிறுத்திவைக்க அனுமதி கொடுத்தது. 2025 யூலை 1 முதல் வெக்கைக்கான விதிகளும் வந்தன: குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் தண்ணீர், வேலை நேரத்தை மாற்றி அமைப்பது, இப்படி. இத்தனை பாகைக்கு மேல் வேலையை நிறுத்து என்று ஒரு எண் மட்டும் அதில் கிடையாது. சர்க்கரைக்கு எண் இருக்கு, புளிப்புக்கு எண் இருக்கு.

அதே 2023 செப்டெம்பரில் நெல்-லெ-ரெபோன் என்ற கிராமத்தில் தொழில் பரிசோதகர்கள் ஒரு பாழடைந்த வீட்டில் 50 பேருக்கு மேல் தங்கவைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்கர்கள், பலரிடம் விசா இல்லை. 2025 யூலையில் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்த்தது. எனக்கு உறைத்த விசயம், ஆட்களைச் சேர்த்த விதம். சோனின்கே மொழி பேசுகிறவர்களின் வாட்ஸப் குழு வழியாகச் செய்தி போயிருக்கு. எங்கட மொழி, எங்கட ஆள் என்று நம்பித்தான் வானில் ஏறியிருக்கிறார்கள். லா சப்பலில் வேலை தேடி நின்ற எவருக்கும் இது விளங்கும். அங்கேயிருந்து, எப்பர்னே ரயில் வெளிக்கிடுற கார் து லெஸ்ட் நடந்து போகிற தூரம்.

ஷாம்பெயின் என்ற பெயரைப் போத்தலில் ஒட்டுறதுக்கு ஒரு விதிக்கோவை இருக்கு. குலை முழுசாக இருக்க வேணும். 4,000 கிலோவிலிருந்து 2,550 லீற்றர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது. சாறு வடிய பெட்டியில் ஓட்டை இருக்க வேணும், அதுகூட எழுதியிருக்கு. வெட்டுகிற ஆள் எங்கே படுத்தார், என்ன குடித்தார் என்று ஒரு வரி இல்லை. சேஜேதே தொழிற்சங்கம் கேட்கிறது இதைத்தான்: அடிமை வேலையால் வெட்டின பழத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதே. இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நாங்கள் நிற்க வேணும் என்பது என் நிலைப்பாடு. அவர்கள் உலகம் முழுக்க வழக்குப் போட்டுக் காப்பாற்றுறது அந்தப் பெயரை. வலிக்கக்கூடிய இடம் அதுதான். கூடவே, ஊர் ஊராக அறுவடை நாளை அறிவிக்கிற அதே தாளில் வேலையை நிறுத்த வேண்டிய வெப்ப அளவையும் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்த வெரேசோனுக்கு முன்னம், அறுவடைத் தொழிலாளருக்கான உரிமைகளைத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாகப் போட்டு லா சப்பல் கடைகளில் வைக்கலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சுச் சட்டத்தமிழ் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளுங்கோ.