பொனற்றைத் திறவுங்கோ, ஒயிலை மட்டும் கழட்டாதேங்கோ

கார் சேர்விஸ் பற்றிக் கதை வந்தால் எங்கட ஆக்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "எல்லாம் யூரியூப்பில கிடக்கு, கராஜ்காரருக்கு ஏன் சும்மா காசு குடுக்கிறாய்?" என்று கேட்கும். மற்றக் கட்சி பொனற்றைத் திறந்தே பார்த்திருக்காது. சத்தம் வந்தால் கராஜ், லைற் எரிஞ்சால் கராஜ், பில்லில் என்ன எழுதியிருந்தாலும் தலையாட்டிவிட்டுக் கட்டும். என்ர கருத்து இதுதான்: வாகனத்தைப் பார்க்கிற வேலை முழுக்க எங்கட வேலை. கழட்டுகிற வேலையில் பெரும்பகுதியைக் கராஜுக்கு விடுவம்.

இதை இப்ப ஏன் கதைக்க வேணும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையைக் கேட்டால் தலை சுத்தும். அதனால் முற்றத்தில் நிக்கிற அந்தப் பழைய ஓல்ரோவும் வகன்ஆரும் அக்குவாவும்தான் இன்னும் கனகாலத்துக்கு எங்களைக் காவப்போகுது. வயசு போன வாகனத்துக்குக் கவனிப்பும் கூட வேணும்.

பார்க்கிறது என்றால் பெரிய வித்தை இல்லை. கிழமையில் ஒரு நாள், காலமை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமனான நிலத்தில் வாகனத்தை விட்டுப் பத்து நிமிசம் செலவழியுங்கோ. டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைச்சு, திருப்பி விட்டு இழுத்தால் ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிக்க வேணும். கூலன்ற் போத்தலிலும் அதேமாதிரிக் கோடுகள் இருக்கு. எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியில் மட்டும் கை வைக்காதேங்கோ. பிரேக் ஒயில் மட்டம் இறங்கிக்கொண்டு வந்தால், ஒன்றில் பிரேக் பாட் தேய்ஞ்சிருக்கும், இல்லாட்டி எங்கேயோ ஒழுக்கு இருக்கும். ரயருக்கு எவ்வளவு காத்து என்பது சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கவாட்டில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த ரயர். பூ நல்லாய் இருக்கு என்று சொல்லிப் பழைய ரயரை உங்கட தலையில் கட்ட வந்தால், இந்த நாலு இலக்கம் உங்களைக் காப்பாத்தும்.

அக்குவா, பிரியஸ் வைச்சிருக்கிறவைக்கு இன்னொன்று: பின்சீற் பக்கத்தில் ஹைபிரிட் பற்றறிக்குக் காத்து இழுக்கும் சின்ன வாய் ஒன்று இருக்கு. அதில் தூசி அடைச்சால் பற்றறி சூடாகும். அதுக்கு முன்னால் பையை அடுக்காமல், தூசி தட்டி வைச்சிருக்கிறது எங்கட வேலை. ஆனால் செம்மஞ்சள் நிற வயர் எங்க கண்டாலும் தொடக்கூடாது. அது உயர் மின்னழுத்தம் ஓடும் வயர்.

இதால் மிச்சமாகிற காசு சின்னக் காசுதான். பெரிய இலாபம் கராஜ் வாசலில் இருக்கு. "கார் ஒரு மாதிரி ஓடுது அண்ணை" என்று போறவருக்கும், "போன மாசம் ஒயில் மேல்கோட்டில நிண்டது, இப்ப கீழ்கோட்டில, நிலத்தில ஒழுக்கு ஒண்டும் இல்லை" என்று போறவருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருக்காது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு இது தெரியும். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ தங்கச்சி" என்ற பதிலைக் கேட்காதவை குறைவு. அப்படிச் சொல்றவருக்கு முன்னால், நீங்கள் எழுதி வைச்சிருக்கிற கொப்பி அப்பாவைவிட நல்லாய்க் கதைக்கும்.

"நாங்கள் மண்ணெண்ணெயிலேயே கார் ஓடினாக்கள், கராஜ் என்னத்துக்கு?" என்று பெரியாக்கள் சொல்லுவினம். பொய்யில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் கிடந்தபோது, ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடினதுதான். ஆனால் அது கார்புரேற்றர் காலத்து எஞ்சின், வேற வழியில்லாத காலத்து வித்தை. இப்பத்தைய எஞ்சின்களில் அந்த விளையாட்டுச் சரிவராது. பிரேக்கும் ஸ்ரேறிங்கும் பழகிப் பார்க்கிற இடமும் இல்லை. அதில் விடுகிற பிழைக்கு றோட்டில் போற வேற ஆரோ விலை குடுப்பினம்.

இனி ஒயில் மாத்துகிற கதை. வீட்டில் செய்யக்கூடிய மிகச் சுகமான வேலை அதுதான் என்று எல்லாரும் சொல்லுவினம். சுகம்தான். ஒரு நட்டைக் கழட்டினால் ஒயில் இறங்கும். நான் வேண்டாம் என்கிறதுக்குக் காரணம், இறங்கின ஒயில் எங்க போகுது என்பது. சின்னக் காருக்கே ஏறக்குறைய மூன்று லீற்றர் கழிவொயில் வரும். கொஞ்சம் வேலிக் கட்டைக்குக் கறையானுக்கெண்டு பூசுவம். மிச்சம் வளவு மூலையிலோ வாய்க்காலிலோ ஊத்துப்படும். யாழ் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. நாங்கள் குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் வெடிப்புகள் நிறைஞ்ச சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிக்கிற நிலத்தடி நீரை. வளவில் ஊத்தினது பக்கத்து வீட்டுக் கிணத்துக்குப் போக மதில் தடுக்காது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் பவுசர் தண்ணிக்கு வாளியோடு நிண்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள்.

அதனால் ஒயில் மாத்தக் கராஜுக்குப் போங்கோ. போற இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கோ: "கழட்டின ஒயிலை என்ன செய்வீங்கள் அண்ணை?" பரலில் சேர்த்து ஒழுங்காக எடுக்கிறவைக்குக் குடுக்கிற கராஜ் என்றால், நூறு இருநூறு கூடக் கேட்டாலும் அங்கேயே போங்கோ. கானுக்குள் விடுகிற கராஜ் என்றால் வேற இடம் பாருங்கோ, ஏன் போறீங்கள் என்று சொல்லிப்போட்டுப் போங்கோ. மாத்தின பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. பில்லில் சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரிச்சு எழுதச் சொல்லுங்கோ. பிறகு அந்தக் கூலியில் பேரம் பேசாதேங்கோ. வெய்யிலுக்குள் காருக்குக் கீழ படுத்துக் கிடந்தவரின் உழைப்பு அது.