நம்மவர் வரிசை: விதைத்தவர் ஒருவர்



சென்ற திங்கள் ஓர் இரவு நாகபுரி நிலையத்தில் எனக்கு இரவுப் பணி. பஞ்சாபிலிருந்து தெற்கே செல்லும் கோதுமை ரேக் ஒன்று வந்து நின்றது. வண்டிகளின் எண்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். உடன் பணிபுரியும் வடநாட்டு நண்பர், "பாருங்கள், எங்கள் பக்கத்துக் கோதுமை உங்கள் பக்கம் போகிறது. நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் பாடு என்னவாகும்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். "அந்தக் கோதுமையின் மூதாதை விதையைக் கப்பலில் தருவித்தவர் பொள்ளாச்சிக்காரர் ஐயா" என்றேன். அவர் நம்பவில்லை. விடிந்து வீடு சென்றதும் என் மகனிடம் அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. நண்பர் நம்பாததைவிட இதுவே என்னை வருத்திற்று. ஆகையால் இத்திங்கள் இவ்வரிசையில் சி. சுப்பிரமணியம் அவர்களைப் பற்றி எழுத முற்பட்டேன்.

சி.எஸ். என்று நாடு அழைத்த இவர், 1910-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சிற்றப்பா முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பின்னர்ச் சட்டமும் தேறினார். கோவையில் வழக்கறிஞர் தொழில் நடத்தியவரை விடுதலைப் போராட்டம் ஈர்த்தது. சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். 1952-இல் இராஜாஜியின் மந்திரி சபையில் இடம் பெற்றார்.

1954-இல் நிகழ்ந்த ஒன்றை இளைஞர்கள் அறிதல் நலம். இராஜாஜி பதவி விலகியதும் சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராசரும் சி.எஸ்.ஸும் போட்டியிட்டனர். காமராசர் வென்றார். வென்றவர், தம்மை எதிர்த்தவரையே அழைத்துத் தம் மந்திரி சபையில் நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். தோற்றவரும் மனத்தாங்கல் கொள்ளாமல் 1962 வரை உடனிருந்து உழைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பகலுணவு கிடைத்ததும், கிராமந்தோறும் பள்ளிகள் பெருகியதும் அக்காலத்திலேதான். நம் சங்கத் தேர்தலில் ஒரு வாக்கில் தோற்றவர் மறு மாதமே சந்தா நிறுத்திவிடும் வழக்கத்தை நோக்க, அவ்விருவரும் எவ்வளவு பெரியவர்கள் என்பது விளங்கும்.

1962-இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்தியில் உருக்கு மந்திரியானார். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, விவசாய இலாகா இவர் கைக்கு வந்தது. உணவுப் பஞ்சம் வந்தால் முதற்பழி அந்த இலாகாவின் மீதே விழும். ஆதலின் எவரும் விரும்பி ஏற்கும் இலாகா அன்று அது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கினால்தான் நகரத்து ரேஷன் கடைகள் திறக்கும் என்றிருந்த காலம்.

பௌதிகம் படித்த மந்திரி விஞ்ஞானிகளை நாடினார். மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முதலான நம் விஞ்ஞானிகள் இங்கே பயிரிட்டுச் சோதித்திருந்தனர். பழைய வகைகளுக்கு எரு மிகுதியாக இட்டால் தாள் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை வகையோ சாயாது; இட்ட உரமெல்லாம் மணியாகும். எனினும் விதைக்கும் உரத்திற்கும் அந்நியச் செலாவணி வேண்டும். நிதி இலாகா தயங்கியது. அயல்நாட்டு விதையை நம்பலாமா என்று ஒரு சாராரும், வசதியுள்ள உழவருக்கே இது பயன்படும் என்று மற்றொரு சாராரும் எதிர்த்தனர். சி.எஸ். பின்வாங்கவில்லை. டெல்லியில் தமக்களித்த பங்களாவின் புல்வெளியை உழுது, அங்கேயே புதுக் கோதுமையை விளைவித்துக் காட்டினார். 1966-இல் 18,000 டன் விதை மெக்ஸிகோவிலிருந்து வந்தது. விளைவிக்கும் உழவனுக்கு விலை உறுதி வேண்டும் என்பதற்காக 1965-இலேயே விவசாய விலைக் குழுவும், கொள்முதலுக்காக இந்திய உணவுக் கழகமும் அமைக்கப்பட்டிருந்தன. அக்கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது. இன்று நான் எண் குறிக்கும் ரேக்குகள் அக்கழகத்தின் சரக்கே.

இதனிடையே 1965 பிப்ரவரியில் மொழிப் போராட்டம். தமிழகத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். இந்தி பேசாத மக்களுக்கு நேரு அளித்த உறுதிமொழிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சி.எஸ்.ஸும் ஓ.வி. அழகேசனும் மந்திரி பதவியைத் துறந்து கடிதம் கொடுத்தனர். குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதனை ஏற்கவில்லை. பிரதமரும் உறுதிமொழியைக் காப்பதாக வானொலியில் அறிவித்தார். விலகல் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது தவறு என்பார் இன்றும் உளர். நாள்தோறும் நிலையத்தில் இந்தி பேசிப் பிழைத்து, மாலையில் பிள்ளைக்கு அகரம் கற்பிக்கும் என் போன்றோருக்கு அத்தீர்ப்பை அவ்வளவு எளிதில் கூற இயலவில்லை. இருபக்கமும் கடமை இழுக்கும்போது நிற்பவனின் வேதனை, புலம்பெயர்ந்து வாழும் நாம் அறியாததன்று.

இனி என் தாயார் கூறியதைச் சொல்ல வேண்டும். அவர் ஈரோட்டுப் பக்கத்தவர். 1965-66-இல் மழை பொய்த்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ 890 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைவு சுமார் 720 லட்சம் டன்னாகச் சரிந்தது. மறு ஆண்டும் வறட்சி. பதினொரு வயதுச் சிறுமியாக அரிசிக்காக விடியுமுன் வரிசையில் நின்றதையும், வெறுங்கையோடு திரும்பி அழுததையும் தாயார் மறக்கவில்லை. "உணவு மந்திரி நம் ஊர்க்காரர், நம் வீட்டில் உணவில்லை என்று உன் தாத்தா சொல்லிச் சொல்லி மாய்ந்தார். தேர்தலில் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்" என்றார். 1967 தேர்தலில் மொழியும் அரிசியும் சேர்ந்து தமிழகத்தில் காங்கிரசை வீழ்த்தின. சி.எஸ்.ஸும் தோற்றார், காமராசரும் தோற்றார்.

அடுத்த ஆண்டு, 1968 வேனிலில், வடநாட்டு வயல்களில் கோதுமை அதுவரை காணாத அளவில் விளைந்தது. 1964-65-இல் சுமார் 120 லட்சம் டன். இப்போது சுமார் 165 லட்சம் டன். சேமித்து வைக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களிலும் மூட்டைகளை அடுக்கினர். 'கோதுமைப் புரட்சி' என்று தபால் தலையும் வெளியாயிற்று. விதை தருவித்தவர் அப்போது மந்திரியாக இல்லை.

இதைச் சொன்னபோது தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அன்று எங்கள் பசியும் பொய்யன்று" என்றார். உண்மைதான். அந்த வாக்கைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் பசித்தவன் சீறியதும் நியாயம், விதைத்தவன் பொறுத்ததும் நியாயம் என்று இரண்டையும் ஒருங்கே ஏற்க நாம் பழக வேண்டும்.

பிற்கால வாழ்வையும் சுருங்கக் கூறுகிறேன். 1971-இல் கிருஷ்ணகிரியில் வென்று மீண்டும் மத்திய மந்திரியானார். 1974 முதல் 1977 வரை நிதி மந்திரி. நெருக்கடி நிலைக் காலத்திலும் அப்பதவியில் நீடித்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1979-இல் சரண் சிங் மந்திரி சபையில் பாதுகாப்பு மந்திரி. 1990-இல் நாம் வாழும் இந்த மராட்டிய மாநிலத்திற்கே ஆளுநராக வந்தார். பிரதமரைப் பற்றித் தனிப்பட்ட உரையாடலில் கூறியது பத்திரிகையில் வெளிவர, 1993 ஜனவரியில் விலகினார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவர் தொடங்கிய முறையால் பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றுகிறது, உரம் மிஞ்சி மண் களைக்கிறது என்பதும் இன்று அனைவரும் காண்பதே. அது அடுத்த தலைமுறை தீர்க்க வேண்டிய கணக்கு. கப்பலை எதிர்நோக்கிய பசியின் கணக்கை அவர் தலைமுறை தீர்த்தது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு சப்பாத்தி இடும்போது, பிள்ளைகளிடம் செங்குட்டைப்பாளையம் என்ற ஊரின் பெயரைச் சொல்லுங்கள். நானும் என் மகனுக்குச் சொல்லிவிட்டேன். வடநாட்டு நண்பருக்கும் சொன்னேன். மறுநாள் அவர் தம் வீட்டுச் சப்பாத்தி நான்கு கொண்டுவந்து தந்தார். இருவரும் பகிர்ந்து உண்டோம்.