சான்றிதழுக்கும் சான்று வேண்டும்

பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்பிய தாய்க்குப் பாட்டும் பல்லாங்குழியுமாகப் பயிற்சி தர ஒருவரை அமர்த்தலாமா என்று நெமிலிச்சேரி, ஆவடிப் பகுதிக் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. நல்ல எண்ணமே. சோழியை எடுத்து எண்ணிப் போடுவது கைக்கும் கவனத்திற்கும் பயிற்சியாகும். ஆயினும் விளையாட்டு வேறு, பொழுதுபோக்குவழிச் சிகிச்சை வேறு. நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, இலக்கு வகுத்து, முன்னேற்றத்தை அளந்து செய்வதே சிகிச்சை. நடை தள்ளாடுபவரை அறியாமல் பந்தாட எழுப்பினால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

அமெரிக்காவில் இத்துறையினருக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் தேசிய மன்றம் 1981 முதல் இயங்குகிறது. அம்மன்றத்தின் சான்றளிப்பு முறையையே வேறோர் அமைப்பு ஆராய்ந்து ஏற்பளிக்கிறது. நம் நாட்டில் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021, இச்சிகிச்சையாளரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால், சட்டத்தில் தொழிலின் பெயர் இருப்பதாலேயே வாரயிறுதி வகுப்பின் சான்றிதழ் தகுதியாகிவிடாது.

எனவே அமர்த்துமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மாதம் படித்தீர்கள்? யாருடைய மேற்பார்வையில் நோயாளிகளிடம் பயின்றீர்கள்? சான்றிதழ் தந்த நிறுவனத்திற்கு ஏற்பளித்தவர் யார்? விடை தெளிவாக இல்லையெனில் எங்களைக் கலந்தபின் முடிவெடுங்கள்.

பாட்டியும் பேரனும் ஆடும் பல்லாங்குழிக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அதை நிறுத்திவிடாதீர்கள்.