கணினிக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி



ஒரகடத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவருடைய கணவர் தொழிற்சாலையொன்றில் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி வேலை செய்பவர். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். இல்லத்திலுள்ள மடிக்கணினி ஏழெட்டு ஆண்டுப் பழையது. அதன் பொத்தானை அழுத்திவிட்டு உலையில் அரிசியைப் போட்டால், சோறு வடிக்கும் வேளையில்தான் அது வேலைக்கு ஆயத்தமாகிறதாம். "தவணையில் புதிய கணினி வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மகளும் அதையே விரும்புகிறாள். வண்டிக்கும் வீட்டு மனைக்கும் ஏற்கனவே தவணை கட்டி வருகிறோம். என்ன செய்வது?" என்று கேட்கிறார் அத்தாய்.

இக்கேள்வியை வேறு பல இல்லங்களிலும் நாம் செவிமடுத்துள்ளோம். நம் பகுதியின் நிலை சற்று விந்தையானது. 2006ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. 2007இல் டெல் நிறுவனம் அங்கேயே கணினித் தொழிற்சாலை அமைத்தது. அன்று முதல் நம் மக்களின் கைகள் புத்தம் புதிய கருவிகளைப் பூட்டிப் பெட்டியிலிட்டு ஊரூராய் அனுப்பி வருகின்றன. அக்கைகளுக்குரியோரின் இல்லங்களிலோ, 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினிகளும், அலுவலகங்கள் கழித்த பின்னர்ச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினிகளுமே இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை மந்தமாகிவிட்டன என்பது மெய்யே. ஆனால் எதனால் மந்தமாயின என்று ஆராயாமல் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவது அறிவுடைமையாகாது.

கணினியின் மூளை முதுமையடைந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி அதுவன்று; ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டே. இசைத்தட்டுப் பெட்டியை அறிந்த தலைமுறையினர்க்கு இதனை விளக்குதல் எளிது. வன்தட்டின் உள்ளே வழவழப்பான தட்டு ஒன்று சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கரம் முன்னும் பின்னுமாக நகர்ந்து, வேண்டிய செய்தி எங்குள்ளதோ அங்குச் சென்று படிக்கிறது. மடிக்கணினிகளில் இத்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 90 சுற்று. கேட்பதற்கு இது பெரும் வேகமே. ஆயினும் கரம் உரிய இடத்திற்கு நகர வேண்டும். தேடும் பகுதி சுழன்று அதன் கீழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டிற்குமாக, ஒரு விநாடியில் வெவ்வேறிடத்துச் செய்திகள் ஏறத்தாழ 60 அல்லது 70 மட்டுமே எடுக்க இயலும். கணினி விழித்தெழும்போதோ பல்லாயிரம் சிறு துண்டுகளை அங்குமிங்குமிருந்து திரட்ட வேண்டியுள்ளது. மூளை கைகட்டிக் காத்திருக்க, கரம் மட்டும் அலைந்துகொண்டிருக்கிறது. உலை கொதிக்கும் நேரம் அங்கேதான் கழிகிறது.

இவ்வமைப்பு மிகப் பழையது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பெட்டியில் ஐம்பது தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அப்பெட்டியில் ஐம்பது இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதைப்போல் பன்னூறாயிரம் மடங்கு கொள்கிறது. கொள்ளளவு இங்ஙனம் பெருகிற்றேயன்றி, கரத்தின் நடை அவ்வளவுக்கு விரைவு பெறவில்லை.

இதற்கு மாற்று ஜப்பானில் பிறந்தது. டொஷிபா நிறுவனத்துப் பொறியியலாளர் புஜியோ மசுவோகா 1980களில் 'பிளாஷ்' என்னும் நினைவகத்தை உருவாக்கினார். இதில் தட்டும் இல்லை, கரமும் இல்லை. நுண்ணிய சிற்றறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்திச் செய்தியைக் காக்கும் முறை இது. மின்சாரம் நின்ற பின்னரும் செய்தி அழியாது. பென் டிரைவிலும், நம் பிள்ளைகள் ஆலையில் பூட்டி அனுப்பும் கைப்பேசியிலும் இருப்பது இவ்வகை நினைவகமே. இதையே கணினிக்கு ஏற்ற உருவில் அமைத்ததை எஸ்.எஸ்.டி. என்கின்றனர், திடநிலை வட்டு எனத் தமிழில் கூறலாம். விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை இது தயக்கமின்றி எடுத்துத் தரும். ஆகவே பழைய கணினியில் இந்த ஓர் உறுப்பை மாற்றினாலே, பல நிமிடம் காக்க வைத்தது அரை நிமிடத்திற்குள் எழுந்து நிற்பதைக் காணலாம்.

"அப்படியாயின் பெரிய வட்டாக வாங்க வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நம் தாய்மாரின் சமையலறையை நோக்குங்கள். கடுகு, சீரகம், மிளகு முதலியன அஞ்சறைப் பெட்டியில் சிறிது சிறிதாக அடுப்பருகே இருக்கின்றன. மூட்டை அரிசியும் ஆண்டுக்கான புளியும் உள்ளறையில் இருக்கின்றன. அடிக்கடி வேண்டுவது அருகில். எப்போதேனும் வேண்டுவது தொலைவில். கணினிக்கும் இம்முறையே சாலும். விண்டோஸ் போன்ற இயக்க முறையையும், நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களையும் சிறிய எஸ்.எஸ்.டி.யில் வைக்க வேண்டும். நிழற்படம், திருமண வீடியோ, பாடல் ஆகியன பழைய வன்தட்டிலேயே இருக்கலாம்; அவற்றைத் திறக்க ஒரு விநாடி கூடுதலாயினும் எவர்க்கும் நட்டமில்லை. இதற்கு 240 அல்லது 256 ஜிகாபைட் அளவு தாராளம். 120 ஜிகாபைட்டிலும் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தலாம். தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கென 2025இல் வாங்க முற்பட்ட மடிக்கணினிகளுக்கும் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யையே வரையறுத்தது.

மேசைக் கணினியில் இரண்டையும் உள்ளேயே பொருத்த இடமுண்டு. மடிக்கணினியில் பெரும்பாலும் ஓரிடமே இருக்கும். அங்கு எஸ்.எஸ்.டி.யை வைத்துவிட்டு, கழற்றிய வன்தட்டை அதற்கென விற்கும் உறையில் இட்டால், பென் டிரைவ் போல வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளலாம். உறையின் விலை அற்பமே.

பணத்தை எடுக்குமுன் ஒரு சோதனை செய்க. கணினி மந்தமாக இருக்கும் வேளையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'டிஸ்க்' என்ற பத்தி நூற்றுக்கு நூறைத் தொட்டுக்கொண்டே நின்றால், நோய் வன்தட்டில்தான். 'மெமரி' என்பதும் நிரம்பி வழிந்தால், ரேமையும் கூட்டுதல் நலம். 2 ஜிகாபைட் ரேம் மட்டுமே உள்ள கணினிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் முழு மருந்தாகாது. மிக மலிவான சில மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகின்றனர். அவற்றில் மாற்ற வழியில்லை. மிகப் பழைய கணினிகளில் 'சாட்டா' என்னும் இணைப்பே இராது. ஆதலால் கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க.

இனி, நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. எஸ்.எஸ்.டி.யை மீண்டும் வாங்கலாம். கணினியையும் மீண்டும் வாங்கலாம். மறைந்த பாட்டியின் கடைசி நிழற்படத்தை எக்கடையில் வாங்குவது? நம் பகுதிக்கு இது வெறும் உணர்ச்சிக்குரிய செய்தியுமன்று. 2014 நவம்பர் 1ஆம் நாள் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அத்தகைய நாளில் ஒருவர்க்குத் துணை நிற்பவை அவருடைய பணி அனுபவச் சான்றும், சம்பளச் சீட்டும், வருங்கால வைப்பு நிதி ஏடுகளும் அல்லவா? ஒப்பந்தத் தொழிலாளராய் ஆலை விட்டு ஆலை மாறுவோர்க்கு இவை இன்னும் இன்றியமையாதவை. இவற்றை எத்தனை குடும்பங்கள் முதுமையடைந்த ஒரே வன்தட்டில் மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகின்றன!

ஆகவே முதற்பணி நகலெடுப்பதே. திருகாணியைத் தொடுமுன் சான்றிதழ்களையும் படங்களையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கணினியைப் பிரிக்கக் கொடுங்கள். வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதால் இக்கவலை ஒழிந்தது என்றும் கருதிவிடாதீர்கள். வன்தட்டு பல வேளைகளில் முனகி எச்சரித்து மாளும், எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றியே மௌனமாகிவிடக்கூடும். மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால், அதன் சிற்றறைகளிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசிவதும் உண்டு. எனவே காப்பகமாக அதை நம்புதல் தகாது. எதுவாயினும் இரண்டு இடங்களில் ஒரு பொருள் இருத்தலே பாதுகாப்பு.

கடைக்குச் செல்வோர்க்குச் சில சொற்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் வட்டாகவும், மூன்றாண்டு உத்தரவாதம் உள்ளதாகவும் பார்த்து, ரசீதுடன் வாங்குக. சில நூறு ரூபாய்க்கு இரண்டு டெராபைட் என்று எவரேனும் விற்றால் அது போலி; எழுதியதை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. விலை நாளுக்கு நாள் மாறும் பொருள் இது. 2023இல் மிகவும் இறங்கிப் பின்னர் ஏறிற்று. ஆகையால் இரண்டு கடைகளில் விசாரித்த பின் முடிவு செய்க. பழைய வன்தட்டிலுள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றித் தரவும் இயலும். இயக்க முறையைப் புதிதாக நிறுவிக்கொள்ளுதல் மேலும் தூய்மையானது. பொருத்திய பின் வட்டை முற்றும் நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக விடுங்கள். வன்தட்டுக்குச் செய்துவந்த 'டிஃப்ராக்' என்னும் ஒழுங்குபடுத்தும் வேலை இதற்கு வேண்டாம். அலையும் கரமே இல்லாதபோது அதனால் பயனில்லை, தேய்மானமே மிச்சம்.

எஸ்.எஸ்.டி.யால் ஆகாதவற்றையும் அறிந்திருத்தல் நன்று. இணையத்தின் வேகம் இதனால் கூடாது. பொறியியல் வரைபடம் தீட்டும் கனமான மென்பொருளுக்குப் பழைய மூளை போதாதெனில், அப்போதும் போதாதுதான். மேலும், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கத் தகுதியற்ற பழைய கணினிகளில் லினக்ஸ் முறையை நிறுவலாம். அதற்கு விலையில்லை, கட்டுரை எழுதவும் பாடங்களைக் காணவும் விண்ணப்பம் நிரப்பவும் தாராளமாகப் போதும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழையும் அறியும்.

கழற்றிய வன்தட்டைப் பற்றி இறுதியாக ஒரு வார்த்தை. அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டுத் திரும்பப் பெறுங்கள். அதில் உங்கள் பெண்மக்களின் படங்களும், ஆதார் நகலும், வங்கிக் கணக்கு விவரங்களும் உள்ளன. 'டெலீட்' செய்தவற்றையும் மீட்டெடுக்க வல்லோர் உளர். இனிப் பயன்படாதெனில் முழுவதும் அழித்தெழுதச் செய்த பின்னரே, மின்னணுக் கழிவைச் சேகரிக்க அனுமதி பெற்றோரிடம் ஒப்படையுங்கள். காயலான் கடைக்குப் போகும் கணினிகளின் வயர்களைச் செம்புக்காகத் தெருவோரம் எரிப்போரும், அப்புகையை அருகிருந்து சுவாசிக்கும் சிறாரும் நம் அயலாரே. ஒரு கணினியின் ஆயுளை நான்காண்டு நீட்டித்தால், அத்தீயில் விழுவது அவ்வளவுக்குத் தள்ளிப்போகிறது.

மடல் வரைந்த தாயாருக்கு நம் மறுமொழி இதுவே. முதலில் அப்பட்டியலைத் திறந்து பாருங்கள். நோய் வன்தட்டில்தான் எனில், மகளையே அருகமர்த்தி நகலெடுக்கும் பணியைத் தொடங்குங்கள். ஓய்வு நாளில் தந்தையும் மகளுமாகச் சென்று வட்டை மாற்றி வரட்டும். மாற்றுபவரின் அருகில் நின்று அவள் கற்றுக்கொள்ளட்டும். அதன் பின்னரும் அவள் படிப்பிற்கு அக்கணினி போதாதென்று தெளிவானால், புதியது வாங்குவதில் தவறேதுமில்லை, வாங்கிய எஸ்.எஸ்.டி.யும் வீணாகாது, உறையிலிட்டு வேறு பணிக்குக் கொள்ளலாம். ஒரு வட்டின் விலையில் தீரும் குறைக்காக இரவு ஷிப்டு உழைப்பை இரண்டாண்டுத் தவணைக்கு அடகு வைக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.