இடையறா இசை

பதநீர் கருப்பட்டியாகும்வரை அடுப்பின் நெருப்பு அவியாது காத்தல் வேண்டும் என்பது உடன்குடியிற் சிறு பிள்ளைகளும் அறிந்ததே. இசையரங்கிலும் அவ்வாறு அவியலாகாத நெருப்பு ஒன்றுண்டு. அது தம்புராவின் சுருதி.

சென்ற விடுமுறையிற் பழைய கச்சேரியொன்றின் பதிவைக் கைப்பேசியிற் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடகர் இராகத்தை விரித்து முடித்துத் தானத்தில் அடியெடுத்து வைக்கும் இடத்தில், பாட்டும் பிடிலும் தம்புராவும் ஒருங்கே அற்றுப்போயின. இமைப்பொழுது கழித்து மீண்டும் ஒலித்தன. அருகிருந்த என் பாட்டனார், “பாட்டை ஏனப்பா நிறுத்தினாய்?” என்றார். யான் நிறுத்தவில்லை, பாடியவரும் நிறுத்தவில்லை, நிறுத்தியது கருவி.

இக்குறை நேரும் காரணம் மறைபொருளன்று. குறுந்தகட்டில் ஒரு வினாடியின் ஒலி 44,100 கூறுகளாக எண்ணப்பெற்று, 588 கூறு கொண்ட பகுதிகளாக வினாடிக்கு 75 வீதம் அமைக்கப்பெறுகின்றது. வெட்டுமிடம் அப்பகுதியின் எல்லையில் அமையாவிடின், எஞ்சிய இடம் வெறுமையால் நிரப்பப்படும். பாடல்களை ஒவ்வொன்றாகத் தகட்டில் எழுதுங்கால் இரண்டு வினாடி இடைவெளி புகுதலும் உண்டு. எம்.பி.3 முறையிலோ ஒலி 1,152 கூறு கொண்ட சட்டங்களில் அடக்கப்படுதலின், கோப்பின் முதலிலும் ஈற்றிலும் சிறிது மௌனம் வந்து சேர்கின்றது. அங்ஙனம் சேர்ந்த அளவைக் கோப்பிலேயே குறித்து வைக்கும் வழியை லேம் என்னும் மென்பொருள் கொண்டுள்ளது. அக்குறிப்பைப் படித்து வெறுமையை விலக்கி இசைக்கும் கருவிகளும் உள. ஆப்பிள் நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டிலேயே ஐடியூன்ஸிலும் ஐபாடிலும் இடையறா இசைக்கு வழிசெய்தனர். ஆதலின் இது தீராப் பிணியன்று.

முன்னோர்க்கு இவ்வசதி இல்லை. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே கொள்ளும். 1902-இல் கௌஹர் ஜான் கல்கத்தாவில் பாடிப் பதிந்ததும் அத்தகைய குறுகிய எல்லைக்குள்ளேயாம். நீண்ட ஆலாபனையைத் தட்டின் இருபுறமும் பிரித்தே தரவேண்டியிருந்தது. அவர்க்கு நேர்ந்தது இன்றியமையாமை. நமக்கு நேர்வதோ அசட்டை.

பாட்டுகளைத் தனித்தனியே பிரித்தாலன்றோ வேண்டியதை எளிதிற் கேட்கலாம் என்பர் சிலர். பிரித்தல் கூடாதென்று யாம் கூறவில்லை. திருமறையில் அதிகாரமும் வசனமும் எண்ணிடப்பெற்றிருத்தலால் அதன் உரையோட்டம் அற்றுப்போவதுண்டோ? எண்ணிடுதல் வேறு, வெட்டுதல் வேறு. இனி, ஒரு பாட்டின் ஈற்றையும் அடுத்ததன் முதலையும் ஒன்றன்மேலொன்று ஏற்றி மழுக்குதலும் மருந்தாகாது. பாடகர் பாடாத ஒலிச்சேர்க்கையை அவர்மேல் ஏற்றுவது அது.

இடைவெளி களையப் புகுந்து, பாட்டுகளுக்கிடையே எழும் கைதட்டலையும், மிருதங்கத்திற்குச் சுருதி சேர்க்கும் ஓசையையும், பாடகர் அமைதியாக இருக்கும் கணத்தையும் நீக்கிவிடுவாரும் உளர். அதுவும் பிழையே. அரங்கின் அமைதி அரங்கிற்கே உரியது. அதனுள்ளும் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும், மக்கள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பர். கருவி புகுத்தும் மௌனமோ ஒன்றுமில்லாத பாழ். முன்னதைக் காத்தலும் பின்னதைக் களைதலும் ஒரே கடமையின் இரு கூறுகள்.

நம் கல்லூரி விழாக்களின் இசையையும், நம் ஊர் ஆலயங்களில் முதியோர் பாடும் கீர்த்தனைகளையும் பதிந்து வைக்கும் நண்பர்காள்! நிகழ்ச்சி முழுவதையும் முதலில் ஒரே கோப்பாகக் காத்து வைமின். பின்னர் எண்ணிட்டுப் பிரிமின். பிறர்க்கு வழங்குமுன் இணைப்பிடங்களை ஒருமுறை செவிகொடுத்துக் கேண்மின். பாடினவர் மறைந்தபின் அவர் பாட்டிற்குச் சான்றாக நிற்பது அப்பதிவு ஒன்றே. அவர் நிறுத்தாத இடத்தில் நிறுத்தினார் என்று அது பகருமாயின், அது பொய்ச்சான்றன்றோ?