எடை பார்ப்போம், எள்ளி நகையாடோம்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று கையெழுத்து நோட்டில் எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்தச் செல்வம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தெரியுமா என்றால், நம்மில் பலர் விழிக்கிறோம். "நான் குண்டா, ஒல்லியா?" என்ற கேள்விக்குக் கண்ணாடியிடமும் தோழியரிடமும் கல்யாண வீட்டுக்கு வரும் உறவினரிடமும் விடை தேடுகிறோம். அவர்கள் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லுக்காகக் காலை உணவையே விட்டுவிடும் மாணவியரும் உண்டு. எடையை அறிந்துகொள்வது நன்று. எடையை வைத்து ஒருவரையொருவர் எடைபோடுவது தீது. இதுவே நாம் இங்கு சொல்ல விரும்பும் கருத்து.

முன்பெல்லாம் பெரிய இரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்னும் எடை இயந்திரம் ஒன்று நிற்கும். ஏறி நின்று காசைப் போட்டால் சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அதில் எடையும் இருக்கும், அதிர்ஷ்ட வாசகமும் இருக்கும். ஆனால் அந்த இயந்திரம் யாரிடமும் உயரத்தைக் கேட்டதில்லை, வயதையும் கேட்டதில்லை. ஆகவே அது சொன்னது பாதிச் செய்திதான். 50 கிலோ என்பது ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு நல்ல எடை. ஐந்தடி எட்டங்குலம் உயரமுள்ளவருக்கோ அது மிகவும் குறைவு.

உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கை 1830களில் கண்டவர் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்தவர். 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைத் தந்தார். நாம் அதை உடல் நிறைக் குறியீட்டெண் என்கிறோம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் தொகையால் எடையை வகுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் என்றால் 1.5 மீட்டர், 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. எடை 45 கிலோ எனில், 45-ஐ 2.25-ஆல் வகுக்க 20 வரும்.

பெரியவர்களுக்கு இந்த எண் 18.5-க்குக் குறைந்தால் எடை குறைவு என்பர். மேலை நாட்டு அளவுப்படி 25 வரை கவலையில்லை. ஆனால் நம் நாட்டு மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 23-லிருந்தே எச்சரிக்கை தொடங்குகிறது. 25-ஐத் தொட்டால் உடற்பருமன். அதன்படி 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 42 முதல் 51 கிலோ வரை நல்ல எடை. இது ஒற்றை எண் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது கிலோ அகலமுள்ள பாதை இது. அதில் எங்கு நடந்தாலும் நலமே.

நமக்கு மட்டும் ஏன் கடுமையான அளவு? புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் லான்செட் இதழில் தங்களையே சான்றாகக் காட்டினார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. எண் ஒன்று, உடல் வேறு! பார்வைக்கு ஒல்லியான இந்தியருக்கும் சர்க்கரை நோய் வருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கிறார்கள். நம் நாட்டுப் பெரிய பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது.

தோழியரே, இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவுகளெல்லாம் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு உரியவை. பள்ளி மாணவியராகிய நாம் வளரும் பயிர்கள். 140 சென்டிமீட்டர் உயரமும் 33 கிலோ எடையும் உள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் குறியீட்டெண் ஏறத்தாழ 17. பெரியவர் அட்டவணையில் அவள் நோஞ்சான். அவள் வயதுக்குரிய அட்டவணையிலோ நலமாக இருக்கிறாள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத் தனி அட்டவணை தந்திருக்கிறது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015-இல் தந்திருக்கிறது. அவற்றைத்தான் பார்க்க வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் எடை கூடுவதும் உடல் சற்றுத் திரள்வதும் இயற்கை. அதைக் குறை என்று எண்ணிப் பட்டினி கிடப்பவள், தன் வளர்ச்சியைத் தானே தடுக்கிறாள். அந்த வயது போனால் இழந்த உயரத்தைப் பிறகு ஈட்ட முடியாது.

நமது மாநிலத்தின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஏறத்தாழ 13 பேர் எடை குறைந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இந்த மூன்றும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் வாழ்கின்றன. பருத்த பெண்ணுக்கும் இரத்தம் குறைந்திருக்கலாம். எடைக் கருவி அதைக் காட்டாது.

நம் ஊருக்கு அண்மையில் உள்ள வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பசியைப் பிணி என்று கண்டு அதைத் தீர்க்கப் பாடுபட்ட மண் இது. அம்மண்ணில் பிறந்த பெண், ஒரு கேலிச் சொல்லுக்கு அஞ்சி வேண்டுமென்றே பசியோடு வகுப்பில் அமர்ந்திருப்பது எவ்வளவு வருந்தத்தக்கது! "தவக்காலத்தில் நோன்பு இருக்கலாமே" என்று சிலர் கேட்கலாம். திருச்சபைச் சட்டமே பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு உணவு குறைக்கும் நோன்பைக் கட்டாயமாக்கவில்லை. பதினான்கு வயது நிரம்பியவர்கள் குறித்த நாட்களில் இறைச்சி தவிர்த்தால் போதும். வளரும் உடலின் தேவையைத் தாயாகிய திருச்சபை அறிந்திருக்கிறது; நாமும் அறிய வேண்டாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம். பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் ஒரே நாளில் பார்க்கப்பட வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிமிர்ந்து நின்று, தலைமேல் ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்து உயரத்தைக் குறிக்கலாம். எடைக் கருவியை ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, மாணவியரை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். எண்ணை வகுப்பறை கேட்க உரக்கப் படிக்கலாகாது; அது மாணவிக்கும் அவள் பெற்றோருக்கும் மட்டுமே உரியது. ஒருமுறை வந்த எண்ணைவிட அது போகும் போக்கே முக்கியம். எடை தொடர்ந்து இறங்கினாலோ, திடீரென ஏறினாலோ, உயரம் வளராமல் நின்றாலோ அம்மாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வோம். பத்திரிகையில் கண்ட மாத்திரையையும் பொடியையும் நாடவே வேண்டாம்.

உணவுக்கும் நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, முருங்கைக்கீரை, கடலூர்க் கரையிலிருந்து வரும் மத்தி மீன் ஆகியவை ஏழை வீட்டுக்கும் எட்டும் நல்லுணவு. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-இல் 15 வயது வரை உள்ளவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்தத் தட்டை ஏந்துவது எவருக்கும் இழுக்கன்று. அத்துடன் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும். விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தந்துவிடும் வழக்கம் போக வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

உடலை இறைவனின் ஆலயமாகப் பேணும்படி புனித பவுலடியார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதினார். ஆலயம் சிறியதா பெரியதா என்று பார்த்து யாரும் நகைப்பதில்லை; அங்கே விளக்கு எரிகிறதா என்றே பார்க்கிறோம். இந்த ஆண்டு முதல் "குண்டு", "குச்சி" என்னும் இரு பட்டப் பெயர்களையும் நம் வகுப்பறைகளிலிருந்து விலக்குவோம். உயரத்தை அளப்போம், எடையைப் பார்ப்போம், வயிறார உண்போம். தோழியை மட்டும் தராசில் நிறுத்தோம்.