பக்கத்து ரூமுக்குப் போக ஊரைச் சுத்தணுமா?

டாக்டருக்கு கம்ப்யூட்டர் பத்தி என்ன பேச்சுன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

சமீபத்துல 58 வயசு அம்மா ஒருத்தர் வந்தாங்க. வேற எதுக்கோ எடுத்த நெஞ்சு சிடி ஸ்கேன்ல, வலது நுரையீரல்ல 11 மி.மீ. அளவுக்கு ஒரு முடிச்சு. இந்த அளவுன்னா பேச்சு சீக்கிரமே பெட் ஸ்கேன், ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்கிறதுன்னு போயிடும். நான் முதல்ல கேட்டது ஒண்ணுதான்: "இதுக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?"

"2021-ல கொரோனா அப்போ எடுத்தோம் சார். வீட்டுல இருக்கு."

அது தங்கம். கெட்டியான முடிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல வளராம அப்படியே இருந்தா, பொதுவா அது புற்றுநோயா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. (மங்கலான திட்டு மாதிரி தெரியற வகையை இன்னும் பல வருஷம் பார்க்கணும், அது வேற கதை.) ரெண்டாவது அலையில நம்ம ஊர்ல எத்தனை பேர் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம்! உங்க வீட்டு பீரோவிலயும் ஒண்ணு இருக்கலாம். ஸ்கேனும் சிடி, அதைப் பதிஞ்சு கொடுக்கிற தட்டும் சிடி, அதனால தட்டை டிஸ்க்னே சொல்றேன்.

மறுநாள் அவங்க பையன் வாட்ஸ்அப்ல ஆறு போட்டோ அனுப்பினார். கம்ப்யூட்டர் திரையை செல்போன்ல எடுத்தது. ஒண்ணுல நுரையீரலுக்கு நடுவுல டியூப்லைட் தெரியுது.

தப்பு அவர் மேல இல்லை. டிஸ்க்கை எப்பவோ அப்பாவோட பழைய டெஸ்க்டாப்ல காப்பி பண்ணி வச்சிருக்காங்க. எந்த ஃபோல்டர்னு தெரியலை. அதனால மொத்தம் 80 ஜிபியையும் கிளவுட்ல ஏத்தி, தன் லேப்டாப்புக்கு இறக்கி, அங்கே உட்கார்ந்து தேடலாம்னு திட்டம். ராத்திரி ஆரம்பிச்சது காலையில பாதிகூடத் தாண்டலை. டெஸ்க்டாப் கீழ் ரூம்ல, லேப்டாப் மேல் ரூம்ல. ரெண்டும் ஒரே வைஃபை!

முதல்ல போட்டோ ஏன் உதவாதுன்னு சொல்லிடறேன். ஒரு நெஞ்சு ஸ்கேன்ல சில நூறு படங்கள் இருக்கும். ஒவ்வொண்ணா நகர்த்திப் பார்க்கணும். அதே படத்தை நுரையீரல் தெரியற மாதிரியும் வைக்கலாம், எலும்பு தெரியற மாதிரியும் வைக்கலாம், மி.மீ. கணக்குல அளக்கலாம். அதெல்லாம் டைகாம்னு சொல்ற ஒரிஜினல் ஃபைல்லதான் முடியும். திரையை போட்டோ எடுத்துட்டா அத்தனையும் போச்சு.

இப்போ கணக்கு. வீட்டு இணையத்துல அப்லோட் 10 எம்பிபிஎஸ்னு வச்சுக்கோங்க. 80 ஜிபி ஏற கிட்டத்தட்ட 18 மணி நேரம். அப்புறம் இறக்கணும். வீட்டுக்குள்ளேயே வைஃபை வழியா நொடிக்கு 20 எம்பி போனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டையும் ரவுட்டர்ல கேபிள் போட்டு இணைச்சு, எல்லாம் கிகாபிட்டா இருந்தா கால் மணி நேரம். பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களும் இதைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். இணையமே கட் ஆனாலும் ரவுட்டர் ஓடினா போதும்.

பென்டிரைவ் போதாதான்னா, ஒரு ஸ்கேனுக்குத் தாராளமா போதும். ஆனா அதே பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைக்கும் போகும், வைரஸோட திரும்பும், ஒருநாள் ஆட்டோவில தொலையும். டைகாம் ஃபைலுக்குள்ள உங்க பேர், வயசு, நோயாளி எண் எல்லாம் பதிஞ்சிருக்கும்ங்கிறது பலருக்குத் தெரியாது. "இலவசமா ஃபைல் அனுப்பலாம்"னு வர்ற ஏதோ ஒரு தளத்துல அதை ஏத்தறதை நான் சுத்தமா விரும்பலை.

வழி எளிசு. விண்டோஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் வீட்டு வைஃபையை 'ப்ரைவேட்'னு மாத்துங்க. டெஸ்க்டாப்ல அந்த ஃபோல்டரை ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஷேரிங். லேப்டாப்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு டெஸ்க்டாப்போட பேரை அடிங்க. பாஸ்வேர்டு கேட்கும். இங்கேதான் பாதிப் பேர் கைவிடறாங்க: தினமும் போடற நாலு இலக்க பின் இங்கே செல்லாது, டெஸ்க்டாப் கணக்கோட முழு பாஸ்வேர்டு வேணும். ரெண்டுல ஒண்ணு கெஸ்ட் வைஃபையில இருந்தாலும் பெரும்பாலும் ஒண்ணை ஒண்ணு பார்க்காது. இதெல்லாம் தலைவலின்னா லோக்கல்சென்ட்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ரெண்டுலயும் போடுங்க. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் ஓடும், ஃபைல் வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டாது.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருப்பேன். யூடியூப்ல சிலர் "பாஸ்வேர்டை ஆஃப் பண்ணுங்க, ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, உடனே வேலை செய்யும்"னு சொல்லித் தர்றாங்க. வேலை செய்யும்தான். 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை வைரஸ் பரவினது அந்தப் பழைய எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். இங்கிலாந்துல குறைஞ்சது 80 அரசு மருத்துவமனை நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டுச்சு. 19,000-க்கும் மேல அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு மதிப்பீடு. அதுக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே கொடுத்தாச்சு, பல இடத்துல போடலை. அதே வருஷக் கடைசியில புது விண்டோஸ் 10-ல இருந்து எஸ்எம்பி 1-ஐ எடுத்தே விட்டாங்க. எடுத்ததை நீங்க திரும்ப உள்ளே விடாதீங்க. வேலை முடிஞ்சதும் ஷேரிங்கை நிறுத்திடுங்க. ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒண்ணான்னு பார்க்காம டெஸ்க்டாப்ல எதையும் அழிக்காதீங்க.

அந்தப் பையனுக்கு இதையே போன்ல சொன்னேன். அப்லோடை நிறுத்திட்டு ஷேர் பண்ணினார். எந்த ஃபோல்டர்னு தேடக்கூட அவசியப்படலை, மதியத்துக்குள்ள எல்லாம் லேப்டாப்புக்கு வந்துடுச்சு. சாயங்காலம் லேப்டாப்போட அம்மாவைக் கூட்டிட்டு வந்தார். 2021 ஸ்கேனையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்தேன். அதே இடம், அதே 11 மி.மீ. ரேடியாலஜிஸ்டும் பார்த்துட்டு அதையே சொன்னார். ஊசி இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

பழைய டெஸ்க்டாப் அதுக்கப்புறம் பத்து நாள்தான் ஓடுச்சாம்.